உமியில் கறுக்கும் சட்டி: பினாங்கில் யாராவது உதவ முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். ஆயர் ஈத்தாமில் இருக்கிறேன். சமையலுக்கு ஆகிற மண்சட்டிகளைக் கையால் செய்கிறேன். கீழடி, ஆதிச்சநல்லூரில் கிடைத்த கறுப்பு சிவப்புப் பானைகள்தான் எனக்கு வழிகாட்டி. உட்புறமும் வாயும் கறுப்பு, வெளியே கீழ்ப்பாதி சிவப்பு. கவிழ்த்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கரியேறிக் கறுக்கும், காற்றுப் பட்ட பக்கம் மண்ணிலுள்ள இரும்பால் சிவக்கும். எவ்வளவு நுட்பமான வேலை! நம் பேரா மாநிலத்திலும் இதற்கு ஓர் உறவு இருக்கிறது: லாபு சாயோங் என்கிற சுரைக்காய் வடிவத் தண்ணீர்க் குடுவையைச் சூடு ஆறுமுன் உமியில் புதைத்துத்தான் கறுக்க வைக்கிறார்கள்.

பாதி காய்ந்த சட்டியைக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுகிறேன். சுட்ட பிறகும் அந்தப் பளபளப்பு நிற்கிறது. சிக்கல் கசிவுதான். கஞ்சித்தண்ணி ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பழக்கியும், மீன் குழம்பு வைத்தால் அடியில் எண்ணெய் வேர்த்து மேசையில் வட்டமாகக் கறை பிடிக்கிறது. கிளேஸ் (சுட்டால் கண்ணாடிபோல் படியும் பூச்சு) பூசச் சொல்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. நேரடித் தீயில் சட்டி வெடிக்காமல் தாங்க அந்த நுண்துளைகளும் ஒரு காரணம்.

குயவர் குடும்பத்து வழி வந்தவர்கள் இங்கே இருந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்: புதுச்சட்டி கசியாமல் இருக்க என்ன செய்வார்கள்? மண்ணில் மணல் எவ்வளவு சேர்ப்பார்கள்?

பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி பக்கம் நெல் உமி மூட்டையாகக் கிடைக்குமா? புகை போட அக்கம்பக்கத்தில் வீடில்லாத இடம் யாரிடமாவது இருந்தாலும் சொல்லுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.