இரண்டாவது ஆல்பத்தைக் கல்யாண மண்டபத்தில் பதிவு செய்யலாமா?

காட்பாடி பேஸ்:
வணக்கம். காட்பாடியில் தமிழில் சொந்தப் பாடல்கள் எழுதி இசைக்கும் நால்வர் கொண்ட இண்டி ராக் குழு எங்களுடையது. முதல் ஆல்பத்தை எங்கள் டிரம்மர் வீட்டு மாடியறையில், ஜன்னல்களை மெத்தையால் அடைத்துப் பதிவு செய்தோம். பாடல்களைப் பாராட்டியவர்கள்கூட ஒலியில் விசாலம் இல்லை என்றே சொன்னார்கள்.

இரண்டாவது ஆல்பத்துக்கான பாடல்கள் தயாராகிவிட்டன. கனடாவின் ஆர்கேட் ஃபயர் குழு, தனது இரண்டாவது ஆல்பமான 'நியான் பைபிள்' என்பதற்காகக் கியூபெக் மாகாணத்தின் ஃபார்ன்ஹாம் ஊரில் ஒரு பழைய தேவாலயத்தை விலைக்கு வாங்கி, ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டதை அறிந்ததிலிருந்து எங்களுக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. தேவாலயம் வாங்க எங்களால் ஆகாது. ஆனால் வேலூர் சத்துவாச்சாரியில் உறவினர் ஒருவருக்குக் கல்யாண மண்டபம் உண்டு. ஆடி மாதத்தில் முகூர்த்தம் இல்லாததால் வாடகையின்றித் தருவதாகச் சொல்கிறார். எட்டு மைக் இணைத்து ஒலியைக் கணினியில் ஏற்றும் இன்டர்ஃபேஸ் எங்களிடம் இருக்கிறது. நால்வரும் ஒன்றாக வாசித்து, முழு ஆல்பத்தையும் அங்கேயே பதிவு செய்வது சரியாக வருமா?

பழைய கேசட்:
'நியான் பைபிள்' உங்கள் முன்மாதிரி என்றால் அதன் கதையை முழுவதுமாகப் பார்க்க வேண்டும். அதில் எல்லோரும் வியக்கும் பைப் ஆர்கன் என்ற பெரிய குழாய் வாத்தியம் ஃபார்ன்ஹாமில் ஒலித்ததன்று. மாண்ட்ரியாலில் உள்ள சேன் ழான் பாப்டிஸ்ட் தேவாலயத்துக்குச் சென்று அதைப் பதிவு செய்தார்கள். பெரிய வாத்தியக் குழுவையும் பாடகர் குழுவையும் ஹங்கேரியின் புடாபெஸ்டில் பதிவு செய்தார்கள். ஆகவே அது ஒரே கூடத்தில் உருவான ஆல்பம் அல்ல. ஒவ்வோர் ஒலிக்கும் ஏற்ற இடத்தைத் தேடிப் போய் எடுத்து வந்து கோத்த ஆல்பம்.

2003இல் அவர்கள் வெளியிட்ட சிறு தொகுப்பில் இருந்த 'நோ கார்ஸ் கோ' என்ற பாடலை இந்த ஆல்பத்துக்காக மீண்டும் பதிவு செய்தார்கள். இரண்டு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், பெரிய இடம் பாட்டுக்கு எதைக் கொடுக்கிறது, எதைப் பறிக்கிறது என்பது தெளிவாகும். என் காதுக்கு, 2007இல் வந்த இந்த ஆல்பத்தில் பல வரிகள் முழக்கத்துக்குள், அதாவது சுவர்களில் பட்டுத் திரும்பி நீடிக்கும் ஒலிக்குள், அமிழ்ந்துவிடுகின்றன. 2004இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் அவ்வளவாக இல்லை. மக்கள் அதைக் குறையாகக் கொள்ளவில்லை என்பதும் உண்மைதான். வெளியானதும் அமெரிக்கப் பட்டியலிலும் பிரிட்டன் பட்டியலிலும் 2ஆம் இடத்தில் நுழைந்தது.

ஒலிக்கூடம்:
நண்பரே, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 8 மீட்டர் உயரம் உள்ள ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு 1,600 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 880 சதுர மீட்டர். சிமெண்டுப் பூச்சும் கிரானைட் தரையும் தம்மீது விழும் ஒலியில் 5 விழுக்காட்டை உறிஞ்சினாலே அதிகம். ஓர் அறையில் ஒலி அடங்க ஆகும் நேரத்தைக் கணிக்கும் சபைன் சூத்திரப்படி, கன அளவை 0.161ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சுதலான 44ஆல் (880இல் 5 விழுக்காடு) வகுத்தால், ஒரு கைத்தட்டல் முழுவதுமாக அடங்க ஏறத்தாழ 6 விநாடி ஆகும் என்று வருகிறது. (அந்தச் சூத்திரத்தைக் கண்ட வாலஸ் சபைன், ஹார்வர்டில் ஓர் அரங்கத்து இருக்கை மெத்தைகளை இன்னோர் அறைக்குச் சுமந்து சென்று அளந்து பார்த்தவர். உங்கள் மாடியறை மெத்தைகளும் அந்த மரபில் வந்தவைதாம்.) நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் அரை விநாடிக்கு ஒரு தட்டு விழும், ஒரு தட்டு ஓயும் முன்னே பன்னிரண்டு தட்டுகள் அதன்மேல் ஏறிவிடும். டிரம்ஸ் கடகடவென்று குழம்பும், பேஸ் கிதாரில் எந்தச் சுரம் ஒலிக்கிறது என்பதே தெரியாது.

தரையில் ஜமக்காளம் விரித்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது கீச்சென்ற உயர்சுருதி ஒலிகளை மட்டும் விழுங்கிவிட்டு, தாழ்சுருதி உறுமலை அப்படியே விட்டுவிடும். மண்டபம் முன்பைவிட மந்தமாகத்தான் ஒலிக்கும். முழக்கத்தை 2 விநாடிக்குக் குறைக்க வேண்டுமானால், விழும் ஒலியை முழுவதுமாக விழுங்கும் பரப்பு இன்னும் 85 சதுர மீட்டர் தேவைப்படும். அத்தனை கனமான பஞ்சு மெத்தைகளை வேலூர் முழுவதும் அலைந்து சேர்த்தாலும், அவற்றை நிறுத்தி வைக்கச் சட்டங்கள் வேண்டும்.

மேற்சொன்ன அளவுள்ள மண்டபத்தில், பாடகரிடமிருந்து மைக் ஏறக்குறைய ஒரு மீட்டருக்கு அப்பால் சென்றாலே, வாயிலிருந்து நேராக வரும் ஒலியைவிடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி மேலோங்கிவிடும். நால்வரும் ஒன்றாக வாசித்தால் டிரம்ஸின் முழக்கம் பாடகரின் மைக்கிலும் புகும். பதிவில் ஒருமுறை கலந்த முழக்கத்தை, தனித்தனிப் பதிவுகளை ஒன்றுசேர்க்கும் மிக்ஸிங்கில் முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாது.

ஆகவே நான் சொல்லும் வழி இது. பேஸ், கிதார், குரல் மூன்றையும் உங்கள் பழைய மாடியறையிலேயே மைக்கை நெருக்கமாக வைத்து, முழக்கம் கலவாத உலர்ந்த ஒலியாகப் பதிவு செய்யுங்கள். பிறகு அந்தப் பதிவுகளை மண்டபத்துக்குக் கொண்டுபோய், ஒரு மூலையில் நல்ல ஸ்பீக்கரை வைத்து ஒலிக்கவிட்டு, எதிர்மூலையில் இரண்டு மைக் வைத்து, திரும்பி வரும் முழக்கத்தை மட்டும் தனித் தடத்தில் பதிவு செய்யுங்கள். எந்தப் பாட்டுக்கு எவ்வளவு மண்டபம் வேண்டும் என்பதை அப்போது நீங்களே கூட்டவும் குறைக்கவும் முடியும். பெரிய ஸ்டூடியோக்கள் முழக்கத்துக்கென்றே தனி அறை கட்டி இதைத்தான் செய்துவந்தன. மெதுவான பாட்டு ஏதேனும் இருந்தால், அதன் டிரம்ஸையும் கூட்டுக்குரல்களையும் மட்டும் மண்டபத்திலேயே நேரடியாக எடுக்கலாம்.

கொயர் ஆசிரியர்:
தம்பி, தேவாலயப் பாடகர் குழுவைப் பல ஆண்டுகளாக நடத்துபவன் என்ற முறையில் ஒலிக்கூடம் சொன்னதை ஆமோதிக்கிறேன். பெரிய கூடத்தில் பாடும்போது நாங்கள் வேகத்தைக் குறைத்து, சொல்லின் இறுதி மெய்யெழுத்தை அழுத்தி முடிப்போம். இல்லாவிட்டால் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. ராக் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் கவலை ஆடி மாதத்தைப் பற்றியது. மண்டபம் காலியாக இருக்கலாம், தெரு காலியாக இராது. நம் வட ஆற்காட்டுப் பக்கம் ஆடியில் ஒவ்வொரு தெருவிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். விடியற்காலையிலிருந்து ஒலிபெருக்கி ஓயாது, ஆடிக் கிருத்திகைக்குக் காவடியும் பம்பையும் சேர்ந்துகொள்ளும். மார்கழியும் முகூர்த்தம் இல்லாத மாதம்தான்; அதிகாலை ஒலிபெருக்கிக்கு அப்போதும் குறைவில்லை. பலரும் திருமணம் வைக்காத புரட்டாசி இவற்றைவிட அமைதியானது, ஆனால் மாலையில் இடிமழை வரக்கூடும். கூரையில் தகடு போட்ட பகுதி இருந்தால் மழைச் சத்தமே போதும், பதிவைக் கெடுத்துவிடும். சத்துவாச்சாரி என்பதால் பெங்களூர் நெடுஞ்சாலை எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். லாரிகளின் தாழ்சுருதி உறுமல் கதவை அடைத்தாலும் உள்ளே வரும்.

காட்பாடி பேஸ்:
ஐயாவுக்கும் மற்ற இருவருக்கும் நன்றி. குழுவில் பேசினோம். புரட்டாசியில் மண்டபத்தைக் கேட்டிருக்கிறோம். ஒலிக்கூடம் சொன்னபடி முழக்கத்தை மட்டும் அங்கே எடுக்கிறோம், ஒரே ஒரு மெதுவான பாட்டுக்கு டிரம்ஸை அங்கே வாசிக்கிறோம். மின்விசிறிகளை நிறுத்தினால் வேலூர் வெக்கையில் டிரம்ஸின் தோலும் கிதார் கம்பியும் சுருதி மாறுமா?

ஒலிக்கூடம்:
கம்பி சூட்டில் தளர்ந்து சுருதி இறங்கும். ஒவ்வொரு முறை பதிவு செய்யும் முன்பும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தோல் கொண்ட டிரம்ஸும் சற்று மாறும், ஆனால் உங்களை அதிகம் சோதிக்கப்போவது வாசிப்பவரின் வியர்வைதான். நள்ளிரவுக்குப் பிறகு பதிவு செய்தால் வெக்கையும் குறையும், லாரியைத் தவிர மற்ற இரைச்சலும் அடங்கியிருக்கும். ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது என்பதை இப்போதே கேட்டுவையுங்கள். மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது ஒரு பலூனை நடுவில் உடைத்து, அந்த ஓசையைப் பதிவு செய்து இங்கே ஏற்றினால், முழக்கம் உண்மையில் எத்தனை விநாடி என்று அளந்து சொல்கிறேன்.