கோல்ஃப் கார் திரும்ப மாட்டேன் என்கிறது: ஜிம்கானா பந்தயத்தில் முதல் நாள், உதவுங்கள்

சாட்ஸ்வர்த்_கோல்ஃப்:
வணக்கம். போன ஞாயிறு டர்பனில் முதல்முறையாக ஜிம்கானா ஓட்டினேன், அதாவது கோன்களைச் சுற்றி ஓட்டும் கார்ப் பந்தயம். தினம் வேலைக்குப் போகும் அதே ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் கார்தான். இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. கோன் வரிசைக்குள் நெளிந்து போவது பரவாயில்லை. கடைசிக் கோனை முழுசாகச் சுற்றி வரும்போதுதான் சிக்கல். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நேரே போகிறது, டயர் அலறுகிறது. நாலு ஓட்டத்தில் மூன்று கோன் போச்சு. அகல டயரும் குட்டை ஸ்பிரிங்கும் போடச் சொல்கிறான் மச்சான். போடலாமா?

பழைய_டாஸ்:
தம்பி, மச்சான் பேச்சைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். முன்டயரில் காற்று எவ்வளவு?

சாட்ஸ்வர்த்_கோல்ஃப்:
2 பார் அழுத்தம் அண்ணே. எப்போதும் அடிப்பதுதான்.

பழைய_டாஸ்:
அங்கிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு சாக்பீஸ் எடுத்து, டயரின் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும் இடத்தில், தரையில் படும் பாகத்திலிருந்து பக்கச்சுவர் வரை கோடு போடுங்கள். ஓட்டம் முடிந்ததும் குனிந்து பாருங்கள். முக்கோணத்தைத் தாண்டியும் கோடு அழிந்திருந்தால், திருப்பத்தில் டயர் மடிந்து ஓரத்தில் உருள்கிறது என்று அர்த்தம். 0.2 பார் ஏற்றி மறுபடி கோடு போடுங்கள். டயர் சூடானால் அழுத்தமும் ஏறும், அதனால் ஓட்டத்துக்கு ஓட்டம் அளக்க வேண்டும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். வீட்டுக்குக் கிளம்பும்முன் பழைய அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

மாரிட்ஸ்பர்க்_அக்கா:
காற்று சரி, கால் என்ன செய்தது? அனேகமாகப் பிரேக்கை மிதித்தபடியே திருப்பியிருப்பீர்கள். டயரின் பிடி ஒன்றுதான். பிரேக் அதை விழுங்கிவிட்டால் திரும்புவதற்கு மிச்சமில்லை. நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, காலைத் தளர்த்திக்கொண்டே திருப்புங்கள். மூக்கு நேரே போனால் ஸ்டீயரிங்கை இன்னும் ஒடிக்காதீர்கள், கொஞ்சம் விடுங்கள், பிடி திரும்பி வரும்.

அப்புறம், சுற்றும் கோனையே முறைக்க வேண்டாம். கண் போகும் இடத்துக்குத்தான் கையும் போகும். தலையைத் திருப்பி அடுத்த கோனைத் தேடுங்கள். பாதையைக் காலால் நடந்து பார்த்தீர்களா? நான் மூன்று தடவை நடப்பேன்.

ரொம்ப இறுக்கமான சுற்று என்றால் ஹேண்ட்பிரேக்: கிளட்சை மிதித்து, பட்டனை அழுத்திப் பிடித்தபடி லிவரை வெடுக்கென ஒரு இழுப்பு, உடனே விடுங்கள்.

பழைய_டாஸ்:
ஒன்று மறந்தேன். வண்டியில் உருளும் எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் பெடலுக்கடியில் தண்ணீர் பாட்டில் போனால் கதை முடிந்தது. பேட்டரியையும் ஆட்டிப் பாருங்கள். டாஷ்போர்டு முருகனை, ஓட்டத்துக்கு முன் வண்டியைப் பார்க்கும் சோதனைக்காரர் எடுக்கச் சொல்வார், கோபப்படாதீர்கள்!

சாட்ஸ்வர்த்_கோல்ஃப்:
இந்த ஞாயிறு போய் வந்தேன். முதல் ஓட்டத்தில் கோடு முக்கோணத்துக்கு ஒரு விரல் கீழே வரை அழிந்திருந்தது. 2.4 பாரில் அழிவு சரியாக முக்கோணத்திலேயே நின்றது. ஒரே ஒரு கோன்தான் விழுந்தது, அதுவும் அதை முறைத்ததால். முருகன் மனைவியின் கைப்பையிலிருந்து வேடிக்கை பார்த்தார். ஹேண்ட்பிரேக் மட்டும் இடது பின்சக்கரத்தைப் பிடிக்கவே இல்லை. கேபிளா?

பழைய_டாஸ்:
கேபிளாக இருக்கலாம். முதலில் அந்தப் பக்க பிரேக் டிரம்மைக் கழற்றுங்கள். லைனிங்கில், அதாவது உள்ளே உரசும் பட்டையில், ஈரம் இருந்தால் பிரேக் சிலிண்டர் கசிகிறது. அது சரியாகும்வரை ரோட்டிலும் ஓட்ட வேண்டாம்.