மறு: ‘ஃபிளேர்’ - நோய்ச்சீற்றம் என்று வைக்கலாமா?

> தம்பி, ‘மீள்வு’ என்றே போடுங்களேன். சுருக்கமாக இருக்கு.

அண்ணாச்சி, வணக்கம். குடல் அழற்சி நோய்க்காரருக்கான நம் துண்டறிக்கையில் ‘ஃபிளேர்’ என்பது அடங்கியிருந்த நோய் மறுபடி தீவிரமாவது. அதற்கு ‘மீள்வு’ சுருக்கம்தான். ஆனால் நம்ம திருநெல்வேலிப் பக்கம் ‘ஆள் மீண்டுட்டான்’ என்றால் பிழைத்துக்கொண்டான் என்று அர்த்தம். குடல் அழற்சி நோய்க்காரர் ரத்தமும் சளியுமாக வயிற்றால் போய்க்கொண்டிருக்கும்போது, நம் துண்டறிக்கையில் ‘மீள்வுக் காலத்தில் காப்பியைக் குறைக்கவும்’ என்று படித்தால் என்ன நினைப்பார்? உடம்பு தேறியதும் குறைத்தால் போதும் என்று நேர் எதிராக எடுத்துக்கொள்வார். ‘நோய்ச்சீற்றம்’ என்றால் கடற்கரை ஊரான உவரிக்காரருக்கு விளக்கவே வேண்டாம்; கடல் சீற்றம் அவர்களுக்குப் பழகின பேச்சு.

காப்பி பற்றிய ஆலோசனை முழுக்க இந்தச் சொல்லை நம்பித்தான் நிற்கிறது. காப்பி குடித்துத்தான் குடல் அழற்சி நோயின் இரு முக்கிய வகைகளான கிரோன் நோயோ பெருங்குடல் புண் அழற்சியோ வருகிறது என்று யாரும் நிறுவவில்லை. நோய் தணிந்திருக்கும்போது காலையில் ஒரு டம்ளர் பலரை ஒன்றும் செய்வதில்லை. சீறும்போது கதை வேறு. காப்பி பெருங்குடலின் அசைவைத் தூண்டும், சிலருக்குக் குடித்த சில நிமிடத்திலேயே. ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கும் குடலுக்கு அது தாங்காது. கழிப்பறைக்கு ஓட வேண்டிய அவசரம் கூடும். காஃபீன் நீக்கிய காப்பிக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு என்பதால், பழியெல்லாம் காஃபீன் தலையில் விழாதபடி எழுதணும்.

இன்னொன்று. நம் ஊரில் சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்தாலே அது காப்பிதான். காப்பித்தூள் விழாத சுக்குக் காப்பியில் காஃபீன் கிடையாது, டீயில் உண்டு. ‘காப்பியை நிறுத்துங்க’ என்று பொதுவாகச் சொன்னால், சுக்குக் காப்பியை விட்டுவிட்டு நாலு டீ குடிப்பார்கள். டீயிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். இந்த நோயாளிகள் பலருக்கு ரத்தசோகையும் இருக்கும். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்க வேண்டாம் என்றும் ஒரு வரி வேண்டும்.

> ‘ரெமிஷன்’ - ‘குணநிலை’ எப்படி?

வேண்டாம் அண்ணாச்சி. ‘குணம்’ என்று கண்ணில் பட்டால் அன்றைக்கே மருந்தை நிறுத்திவிடுவார்கள். நோய் அடங்கியிருக்கிறது, போய்விடவில்லை. ‘தணிவு’ போதும்.

> பழைய ‘கிராணி’யையே நோய்ப்பெயராக வைத்தால்?

நாள்பட்ட கழிச்சல் பலவற்றுக்கும் அது பொதுப்பெயர் மாதிரி ஆகிவிட்டது. குடல் காசநோயும் அதற்குள் நுழைந்துவிடும். காசநோய், கிரோன் இரண்டையும் பிரித்தறிவது மருத்துவர்களுக்கே சிரமம். கிரோனுக்குக் கொடுக்கும் எதிர்ப்பாற்றல் தணிக்கும் மருந்துகளில் சில காசநோயைக் கிளப்பிவிடவும் கூடும். அந்தக் குழப்பத்துக்கு நாம் ஒரு பெயர் வைத்துத் தர வேண்டாம்.

வரைவு வாக்கியம் இது: ‘நோய்ச்சீற்றக் காலத்தில் காப்பி, டீ, கோலா ஆகியவற்றைக் குறைத்துப் பாருங்கள். தணிந்த பின் ஒவ்வொன்றாகச் சேர்த்து, வயிறு ஏற்கிறதா என்று கவனியுங்கள்.’

‘சீற்றக் காலம்’ வாய்க்குள் உருளவில்லை என்றால் ‘நோய் சீறும்போது’ என்று வினையாகவே விடலாம், பெயர்ச்சொல் சொற்பட்டியலுக்கு மட்டும். என்ன சொல்லுதீங்க?