புதுப்பிப்பு: மாம்பழக்கூழ் ஆலையில் பருவகாலத் தொழிலாளர்களுக்கான பயிற்சி

கிருஷ்ணகிரி பகுதியில் நான் பணிபுரியும் மாம்பழக்கூழ் ஆலையில், பருவத் தொடக்கத்தில் சேர்வோரை ஒரே நாள் வகுப்பில் உட்காரவைத்துவிட்டு மறுநாளே இயந்திரத்தின் முன் நிறுத்துவது சரியல்ல என்று முன்பு எழுதியிருந்தேன். மாற்று வழி என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். இந்தப் பருவத்தில் செய்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்காக உருவான நான்கு படிப் பயிற்சி முறையைப் பின்பற்றினோம்: கற்பவரை ஆயத்தப்படுத்துதல், செய்துகாட்டுதல், அவரையே செய்யவைத்தல், பின்னர் தொடர்ந்து கவனித்தல். மூன்றாவதுதான் உயிர்நாடி. டின் மூடும் பிரிவில் புதியவர், மூடிய டின்னின் விளிம்பைத் தாமே வெட்டிப் பிரித்து, மூடியின் மடிப்பும் டின்னின் மடிப்பும் எவ்வளவு பின்னியிருக்கின்றன என்று மைக்ரோமீட்டர் என்னும் நுண்ணளவுக் கருவியால் அளந்து, அது குறைந்தால் கிருமி நுழைந்து கூழ் கெட்டுவிடும் என்பதைத் தம் சொற்களிலேயே விளக்கவேண்டும். காரணம் புரிந்த பெண் தொழிலாளர்கள், மடிப்பில் சுருக்கம் கண்டால் மேற்பார்வையாளருக்காகக் காத்திராமல் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். அந்த உரிமையை நிர்வாகம் எழுத்துமூலம் தந்தது எனக்குப் பெருமகிழ்ச்சி.

பெங்களூரா ரக மாம்பழத்தின் வரத்து உச்சத்தில் இருக்கும்போது பயிற்றுநர்களும் உற்பத்திக்கே போய்விடுவதால் நான்காவது படி இன்னும் தடைபடுகிறது. ஷிப்டுக்கு ஒருவரைத் தனியாக ஒதுக்கக் கேட்டிருக்கிறோம். முடிவு தெரிந்ததும் எழுதுகிறேன்.