கார்டை க்ளோஸ் பண்ணினால் சிபில் இறங்குமா? நெல்லைச் சீமைக்காரர்கள் பட்டதும் பார்த்ததும்

பாளை வாத்தியார்:

கே.டி.சி. நகரில் ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். கடனுக்கு எழுதிக் கொடுக்கும் முன்னால், வேண்டாத கார்டுகளை ஒழித்துவிட்டுப் போனால் நல்லது என்று ஸ்டாஃப் ரூமில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர், "தொட்டுராதீங்க சார், ஸ்கோர் விழுந்துரும்" என்றார்கள். கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டுகிறோம் என்று பார்த்து சிபில் என்கிற நிறுவனம் 300-லிருந்து 900 வரை போடுகிற மதிப்பெண்தான் அந்த ஸ்கோர். நான் ஒரு கார்டை மூடினேன். நடந்ததை எண்களோடு சொல்கிறேன், மற்றவர்களும் சொல்லுங்கள்.

என்னிடம் இருந்தது மூன்று கார்டு. லிமிட் 1,50,000, 60,000, 40,000. மொத்தம் இரண்டரை லட்சம். மளிகை, பெட்ரோல், பிள்ளைகளின் ஃபீஸ் எல்லாம் கார்டில்தான் போகும். மாதம் 45,000 வரும், பைசா பாக்கி வைக்காமல் கட்டிவிடுவேன். இரண்டரை லட்சத்தில் 45,000 என்றால் 18 சதவீதம். அந்தப் பெரிய லிமிட் கார்டுக்குத்தான் ஆண்டுக் கட்டணம் 2,500, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் சேர்த்து 2,950. விமான நிலைய லவுஞ்சில் ஓசிச் சாப்பாடு என்று சொல்லித் தலையில் கட்டிய கார்டு. நானோ நெல்லை எக்ஸ்பிரஸில் போய் வருகிற ஆள்.

மூடிய பிறகு மொத்த லிமிட் ஒரு லட்சம் ஆகிவிட்டது. செலவு அதே 45,000. இப்போது கணக்கு 45 சதவீதம். ஸ்கோர் 791-லிருந்து 764-க்கு வந்தது. செலவு கூடவில்லை, ஒரு தவணை தவறவில்லை, கையில் இருந்த லிமிட் சுருங்கியதுதான் காரணம். பொதுவாக 30 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அதனால் பில் வரும்வரை காத்திராமல் இடையிலேயே பெரும்பகுதியைக் கட்ட ஆரம்பித்தேன். வங்கி சிபிலுக்குத் தகவல் அனுப்பும் அன்றைக்கு எவ்வளவு பாக்கி நிற்கிறதோ அதுதான் கணக்கு. 2025 ஜனவரியிலிருந்து குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டதால், ஏற்ற இறக்கம் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது. எனக்கு இப்போது மறுபடியும் 780-க்கு மேல் வந்துவிட்டது.

மூடியதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு 2,950 மிச்சம்.

டவுன் ரதவீதி ஜவுளிக்காரர்:

எனக்கு ஸ்கோர் அசையவே இல்லை வாத்தியாரே. நான் மூடியது 25,000 லிமிட் கார்டு. மற்ற இரண்டிலும் சேர்த்து நாலு லட்சம் இருக்கிறது. அதில் இது போனால் யாருக்குத் தெரியப் போகிறது.

எனக்கு இடித்தது வேறு இடத்தில். அந்தக் கார்டில் ஃப்ரிட்ஜுக்கு இ.எம்.ஐ. ஓடிக்கொண்டிருந்தது. க்ளோஸ் பண்ண வேண்டுமென்றால் மீதித் தவணை மொத்தத்தையும் ஒரே மூச்சில் கட்டு, முன்கூட்டி முடிப்பதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். கட்டித் தொலைத்தேன். இ.எம்.ஐ. முடிந்த பிறகு மூடுவதே லாபம். ரிவார்டு பாயிண்ட் இருந்தால் அதையும் முன்னாலேயே காசாக்கிக்கொள்ளுங்கள். மூடிய பின் கேட்டால் கையை விரிப்பார்கள்.

அம்பை, வங்கி ரிட்டயர்டு:

கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். கார்டை மூடியதால் சிபில் கெட்டது என்று வந்தவர்களை விட, மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருந்ததால் கெட்டது என்று வந்தவர்கள்தான் அதிகம்.

கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் பார்க்கிற ஒருவர் வந்தார். வேஷ்டி மடிப்பிலிருந்து ஒரு பழைய கல்யாணப் பத்திரிகைக் கவரை எடுத்து மேசையில் கவிழ்த்தார். உள்ளே இருந்து கார்டு நாலு துண்டாக விழுந்தது. சிப்பை மட்டும் தனியாக, கத்தரியால் சதுரமாக வெட்டி வைத்திருந்தார். "இந்தா பாருங்க சார், எப்பவோ வெட்டிப்போட்டாச்சி. இப்ப வீட்ட எடுத்துக் கட்ட லோன் கேட்டா சிபில் சரியில்லன்னு சொல்லுதாவ" என்றார்.

துண்டுகளை அடுக்கி நம்பரைப் படித்துப் பார்த்தேன். வேறு வங்கிக் கார்டு. அவர் வெட்டியது பிளாஸ்டிக்கை. கணக்கு உயிரோடுதான் இருந்தது. ஆண்டுக் கட்டணம் 500, ஜி.எஸ்.டி.யோடு 590. அது கட்டாமல் நிற்க, தாமதக் கட்டணம், அதற்கு வட்டி, அதற்கும் ஜி.எஸ்.டி. என்று குட்டி போட்டுக்கொண்டே போயிருக்கிறது. பில் எல்லாம் அவர் பார்க்காத ஒரு மெயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரிப்போர்ட்டை எடுத்தால் மாதத்துக்கு ஒரு கட்டமாக, கெடு தாண்டிய நாள் 30, 60, 90 என்று ஏறிக்கொண்டே போகிறது. மற்றபடி ஊரில் ஒருவரிடமும் கடன் சொல்லாத மனுஷன்.

பணத்தைக் கட்டி, எழுத்து மூலமாகக் கேட்டு மூடி, பாக்கி இல்லை என்ற கடிதமும் வாங்கினார். ஆனாலும் அந்த நாள் கணக்கு உடனே போய்விடாது. மாதாமாதம் எப்படிக் கட்டினோம் என்பதை சிபில் ரிப்போர்ட் 36 மாதத்துக்குக் காட்டும். புதுக் கட்டங்கள் நல்லபடியாக வர வரத்தான் பழையது பின்னால் தள்ளிப் போகும்.

இன்னொன்று. க்ளோஸ்டு வேறு, செட்டில்டு வேறு. வசூலுக்கு வருகிறவர், "80,000 பாக்கிக்கு 35,000 கட்டுங்க, முடிச்சிரலாம்" என்பார். கேட்க நன்றாக இருக்கும். ரிப்போர்ட்டில் அது செட்டில்டு என்று ஏறும். அடுத்த வங்கி அதை 'இவர் முழுசாகக் கட்டவில்லை' என்றுதான் படிக்கும். அப்படி ஏறிவிட்டவர்கள் மீதியையும் கட்டி, க்ளோஸ்டு என்று மாற்றித் தரக் கேட்கலாம். முழுசாகக் கட்டி மூடிய கார்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் 'மூடினாலே ஆபத்து' என்று பேச்சு கிளம்புகிறது.

பழைய கார்டை மூடினால் அதன் வயசு போய்விடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். பாதி அமெரிக்கச் சரக்கு. அங்கேயே ஒழுங்காகக் கட்டி மூடிய கணக்கு பத்து வருஷம் வரை ரிப்போர்ட்டில் நிற்கும், அங்கே பார்க்கிற ஃபைகோ ஸ்கோர் அதன் வயசையும் சேர்த்தே பார்க்கும். நம்மூரிலும் மூடிய அன்றைக்கே அந்த வரலாறு அழிந்துவிடுவதில்லை. அதற்காக, கட்டணம் இல்லாத முதல் கார்டை வலியப் போய் மூட வேண்டாம். கட்டணம்தான் பிரச்சினை என்றால் அதே வங்கியில் கட்டணமில்லாத கார்டாக மாற்றித் தரச் சொல்லிப் பாருங்கள். பல வங்கிகள் செய்து தருகின்றன.

முக்கூடல் பொண்ணு:

அண்ணாச்சி சொன்ன எதுவும் எனக்குப் பொருந்தாது, ஏனென்றால் என்னிடம் இருந்ததே ஒரு கார்டுதான். அம்மா பீடி சுற்றிச் சேர்த்த காசை என் பெயரில் எஃப்.டி. போட்டு, அதன் மேல் வாங்கிய கார்டு. 20,000 எஃப்.டி.க்கு 18,000 லிமிட். தையல் கடை வைத்திருக்கிறேன், சம்பளச் சீட்டு கிடையாது. சும்மா கேட்டால் யாரும் கார்டு தரமாட்டார்கள். இரண்டு வருஷம் அதில் கரண்ட் பில்லும் நூல் வாங்குகிற செலவும் மட்டும் போட்டு ஒழுங்காகக் கட்டி வந்தேன்.

தங்கச்சி கல்யாணத்துக்கு அந்த எஃப்.டி.யை உடைக்க வேண்டி வந்தது. கார்டு இருக்கும்வரை எஃப்.டி. மேல் வங்கிக்குப் பிடிமானம் இருக்கும்; கார்டை மூடினால்தான் பணம் கைக்கு வரும். எனக்கு வேறு கடனே கிடையாது. இதையும் மூடிவிட்டால் நடப்பில் ஒரு கணக்குகூட இருக்காதே என்று யோசித்தேன். அதனால் முதலில் இதே ஸ்கோரைக் காட்டி ஒரு சாதாரண கார்டுக்கு எழுதிப் போட்டேன். அது கைக்கு வந்து ஒரு பில்லும் கட்டிய பிறகுதான் எஃப்.டி. கார்டை மூடினேன். ஸ்கோர் கொஞ்சம் ஆடியது, அவ்வளவுதான். கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது.

இடையில் ஒரு விஷயம் தெரிந்தது. அம்மா நகை அடகு வைத்துக் கட்டி மீட்டது எல்லாம் அம்மாவின் ரிப்போர்ட்டில் வரிசையாக நிற்கிறது. "என் நகைய நான் வச்சேன், அது இவனுக்கு எதுக்கு?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

சங்கரன்கோவில் ஆள்:

2019-ல் மாவட்டம் பிரிந்து நாங்கள் தென்காசிக்குப் போய்விட்டாலும் வங்கி விவகாரத்துக்கு இன்னும் நெல்லை ஜங்ஷனுக்குத்தான் வருகிறோம், அதனால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் ஸ்கோர் பற்றியது அல்ல, மூடவே விடாதது பற்றியது. வங்கி பெயர் வேண்டாம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு க்ளோஸ் என்று சொன்னதும் குரலே மாறிவிட்டது.

"சார், என்ன காரணம்னு தெரிஞ்சுக்கலாமா?"

"தேவைப்படல."

"உங்களுக்காக லிமிட்டை டபுள் பண்ணித் தர்றோம் சார்."

"இருக்கிறதே வேண்டாங்கேன், டபுள் எதுக்கு?"

"இந்த வருஷக் கட்டணம் தள்ளுபடி சார்."

"சவத்த க்ளோஸ் பண்ணி விடுங்கய்யா."

லைனில் இருங்கள் என்றார்கள். பாட்டு போட்டார்கள். கட் ஆனது. மறுபடி அடித்தால் முதலிலிருந்து அதே கேள்வி. அப்புறம்தான் மெயிலில் இறங்கினேன். ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகளில் இது தெளிவாக இருக்கிறது. பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாண்டினால் ஒரு நாளைக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். தபாலில்தான் எழுதி அனுப்ப வேண்டும் என்று நம்மைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இந்த மூன்றையும் எழுதி, முதலில் கேட்ட தேதியையும் புகார் எண்ணையும் போட்டு குறைதீர் அதிகாரிக்கு அனுப்பினேன். மறுநாளே மூடிவிட்டதாக மெசேஜ் வந்தது. தாமதத்துக்கான பணமும் பின்னாலேயே வந்தது. கேட்காமல் விட்டிருந்தால் தந்திருப்பார்களா என்றால், சிரிப்புதான் வருகிறது.

மூடியதை 30 நாளுக்குள் சிபில் போன்ற நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டும். இங்கே ஒரு கண் வையுங்கள். நாட்டில் சிபில் மட்டும் இல்லை. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று மொத்தம் நாலு. நாலிலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. எனக்கு ஒன்றில் க்ளோஸ்டு, இன்னொன்றில் நடப்பில் இருப்பதாகவே கிடந்தது. ஆன்லைனில் திருத்தம் கேட்டேன், சரி பண்ணினார்கள். அதற்கும் 30 நாள் கெடு. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது.

வள்ளியூர், ஷார்ஜா ரிட்டர்ன்:

நான் ஒரு கார்டையும் மூடவில்லை. அதுவே மூடிக்கொண்டது.

ஷார்ஜாவுக்குப் போகும் முன் இங்கே ஒரு கார்டு வைத்திருந்தேன். பாக்கி இல்லை, கட்டணமும் இல்லை, பீரோவில் கிடந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் கார்டைத் தொடவில்லை என்றால் வங்கி தகவல் சொல்லிவிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் மூடிவிடலாம் என்று அதே 2022 விதியில் இருக்கிறதாம். தகவல் என் பழைய இந்திய நம்பருக்குப் போயிருக்கிறது. அந்த சிம் செத்துப் பல காலம்.

ஊருக்கே திரும்பி வந்து கார் லோன் கேட்டால், ரிப்போர்ட்டில் பழைய கார்டு க்ளோஸ்டு என்று சுத்தமாக நிற்கிறது, ஆனால் ஸ்கோர் இடத்தில் எண்ணே இல்லை. சமீபத்தில் எந்தக் கடன் நடமாட்டமும் இல்லாததால் அப்படியாம். அங்கே வைத்திருந்த கார்டு, பெர்சனல் லோன், எல்லாம் ஒழுங்காகக் கட்டி 'பாக்கி இல்லை' கடிதத்தோடு வந்தவன் நான். அங்கேயும் 300-லிருந்து 900 வரைதான் ஸ்கோர், அல் எதிஹாத் கிரெடிட் பீரோ என்று தனி. அதை மேனேஜரிடம் நீட்டினால், "அது அங்க அண்ணாச்சி" என்றார். இப்போது முக்கூடல் தங்கச்சி மாதிரி எஃப்.டி. கார்டிலிருந்து தொடங்கியிருக்கிறேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்குள்ள கார்டில் அவ்வப்போது அம்மா அப்பா வீட்டு கரண்ட் பில்லாவது கட்டுங்கள், வங்கியில் நம்பரையும் மாற்றி வையுங்கள்.

பாளை வாத்தியார்:

அம்பை அண்ணாச்சி, ஒரு சந்தேகம். ஆன்லைனில் வாங்கித் திருப்பி அனுப்பிய சட்டைக்கு ரீஃபண்ட் மூடிய கார்டுக்கே போய்விட்டதாகக் காட்டுகிறது. 1,180 ரூபாய். போனதுதானா?

அம்பை, வங்கி ரிட்டயர்டு:

போகாது சார். மூடிய கணக்கில் வரவாக நிற்கும். அப்படி நிற்கிற பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றித் தர வேண்டியது வங்கியின் பொறுப்பு. கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி.யும் போட்டு, ரீஃபண்ட் ரசீதோடு ஒரு மெயில் தட்டுங்கள். வீட்டுக் கடன் கையெழுத்தாகும் வரை மீதி இரண்டு கார்டையும் தொட வேண்டாம், புதுசாக எதற்கும் விண்ணப்பிக்கவும் வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் ஒரு விசாரணை பதிவாகும், அதையும் பார்ப்பார்கள்.

டவுன் ரதவீதி ஜவுளிக்காரர்:

நம்ம கடையில் எடுத்திருந்தால் இந்த ரீஃபண்ட் பஞ்சாயத்தே வந்திருக்காது வாத்தியாரே. சட்டை பிடிக்கலன்னா அங்கனயே மாத்திக் குடுத்திருப்பேன்.