சவுண்டல் மட்டும் போட்டு ஆடு வளர்க்கலாமா? மூணுல ஒரு பங்கு கணக்கு என்ன ஆச்சு?

கொட்டில்காரன்:
மூணு ஆடு வாங்கியிருக்கேன், என்ன தீவனம் போடலாம்னு நேத்து ஒருத்தர் கேட்டிருந்தார். அதுக்கு நம்ம தழைக்கட்டு கொடுத்த பதில் இது: “வேலியோரம் இருபது சவுண்டல் மரம் இருந்தா போதும், வேற எதுவும் தேட வேண்டாம், ஆடு தானா தேறிடும்.” படிச்சதுலேருந்து மனசு ஆறல. புதுசா வளர்க்க வர்றவங்க கிட்ட இப்படியா சொல்றது? சவுண்டல் இலையில மைமோசின்னு ஒரு நச்சு இருக்கு. கொழுந்துல அது இன்னும் அதிகம். மொத்தத் தீவனத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல சவுண்டல் போகக்கூடாது. இது ஆடு வளர்க்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச கணக்கு. நான் ஆரம்பத்துல இவர மாதிரி ஒருத்தர் பேச்சைக் கேட்டு மூணு வாரம் சவுண்டலை மட்டும் வெட்டிப் போட்டேன். ரெண்டு பெட்டைக்கு முதுகுலயும் வால்லயும் முடி கொத்துக் கொத்தா உதிர்ந்துச்சு. வாயில எச்சில் ஒழுகிட்டு தீவனத்தை முகர்ந்துகூடப் பாக்கல. நிறுத்தின பிறகுதான் மெல்ல மெல்ல முடி முளைச்சுது. மூணுல ஒரு பங்கு, அதுக்கு மேல ஒரு கொப்புகூடப் போடாதீங்க.

தழைக்கட்டு:
வந்துட்டீங்களா அண்ணே. நான் சொன்னதுல பாதியை வெட்டிட்டுப் போட்டிருக்கீங்க. “கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க”ன்னும் எழுதியிருந்தேன், அதை ஏன் விட்டுட்டீங்க? 11 வருசமா சவுண்டலை வெச்சுத்தான் என் கொட்டில் ஓடுது. ஒரு ஆட்டுக்கும் முடி கொட்டல. உங்க ரெண்டு பெட்டைக்கு ஆனதை உலகத்துக்கே சட்டமாக்காதீங்க.

ஹவாய்ல ஆடுங்க சவுண்டல் காட்டுலயே மேயுது, ஒண்ணும் ஆகறதில்ல. ஆஸ்திரேலியாவுல அதே இலையைத் தின்ன மாடுங்க மெலிஞ்சு போச்சு. ஏன் இப்படின்னு ரேமண்ட் ஜோன்ஸ்னு ஒரு விஞ்ஞானி யோசிச்சார். ஹவாய் ஆட்டோட வயித்துல அந்த நச்சை உடைக்கிற நுண்ணுயிர் இருக்குன்னு தெரிஞ்சுது. அங்கேருந்து எடுத்துட்டு வந்து ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஏத்தினாங்க, சரியாயிடுச்சு. 1992ல அந்த நுண்ணுயிருக்கு அவர் பேரையே சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியைனு பேர் வெச்சாங்க. வயித்துல அது இருக்கிற ஆட்டுக்கு மூணுல ஒரு பங்கும் கிடையாது, நாலுல ஒரு பங்கும் கிடையாது.

கொட்டில்காரன்:
அது ஹவாய் ஆடு தம்பி. கேள்வி கேட்டவர் வாங்கினது சந்தையில நின்ன மூணு ஆடு. அதுங்க வயித்துல அந்தப் பூச்சி இருக்குன்னு நீங்க உள்ள போய்ப் பாத்தீங்களா?

தழைக்கட்டு:
இல்லைன்னு நீங்க பாத்தீங்களா?

வெள்ளாட்டம்மா:
ரெண்டு பேரும் ஒரு நிமிசம் நில்லுங்க. மூணுல ஒரு பங்குன்னு சொல்றீங்களே, அது எந்த எடையில? தழையைப் பச்சையா நிறுத்த எடையா, ஈரம் போன உலர் எடையா? இதைச் சொல்லாம பங்கு பேசி என்ன பிரயோசனம்?

30 கிலோ ஆடு ஒண்ணை எடுத்துக்குங்க. உடம்பு எடையில 4 சதவீதம் உலர் எடையாத் தின்னுதுன்னு வெச்சா 1 கிலோ 200 கிராம் வருது. பச்சைத் தழையில முக்கால்வாசி தண்ணி. உலர் எடையில மூணுல ஒரு பங்குன்னா 400 கிராம், அதாவது 1 கிலோ 600 கிராம் பச்சைத் தழை போடலாம். மிச்சத்துக்குக் காஞ்ச கடலைக்கொடி. இதையே தராசுல வெச்ச எடையில மூணுல ஒரு பங்குன்னு எடுத்தா, தழை 600 கிராம்கூட வராது. ஒரே பேச்சு, ஆனா ரெண்டரை மடங்குக்கு மேல வித்தியாசம்! கொட்டில்காரண்ணே, நீங்க எதைச் சொல்றீங்க?

கொட்டில்காரன்:
நான் சொல்றது மூணுல ஒரு பங்கு. அதுல குழப்பமே இல்ல.

மேய்ச்சல்மகன்:
இந்தக் கணக்கே தேவையில்ல. ஆட்டைக் கட்டிப் போட்டு வளர்க்கிறதாலதான் இவ்வளவு தலைவலி. அவுத்து விட்டா ஒரு செடியில நாலு வாய், அடுத்ததுல ரெண்டு வாய்னு தானே பிரிச்சுத் தின்னும். வெள்ளாடு மாடு மாதிரி புல்லு அறுக்கிற பிராணி கிடையாது. தலையைத் தூக்கி, முன்னங்காலை மரத்துல வெச்சுக் கொழுந்து கடிக்கிற பிராணி. அப்படி உயரத்துல கடிக்கிறப்போ குடற்புழுவும் குறையும். புழுவோட குஞ்செல்லாம் புல்லுல தரையை ஒட்டித்தான் இருக்கும். ஒரே தழையைத் திணிச்சாத்தான் நச்சு சேரும். ஆட்டுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?

பருத்திக்கொட்டை:
ஆட்டுக்கு எல்லாம் தெரியும்னா இளஞ்சோளப் பயிருல புகுந்து மேஞ்சு ஏன் சாகுது மேய்ச்சல்? வாடின இளஞ்சோளம் சயனைடு விசம். அது எந்த ஆட்டுக்காவது தெரிஞ்சு ஒதுங்குச்சா? மேய்ச்சல்னா தெய்வம் மாதிரி பேசாதீங்க.

மேய்ச்சல்மகன்:
அதை நட்டது ஆடா? மனுசன் நட்ட பயிரு. காட்டுல அது கிடையாது.

பருத்திக்கொட்டை:
வீட்டுக்குப் பின்னால நாலு சென்ட் இடம் வெச்சிருக்கிறவர் கிட்ட காட்டைப் பத்திப் பேசறீங்க. அவருக்கு வேண்டியது அடர்தீவனம். பால் குடுக்கிற பெட்டைக்கும் சினையோட கடைசி ஒண்ணரை மாசத்துல இருக்கிற பெட்டைக்கும் தழை மட்டும் பத்தாது. மக்காச்சோளம், புண்ணாக்கு, தவிடு, தாது உப்பு கலந்து 200, 300 கிராம் வெச்சுப் பாருங்க.

கொட்டில்காரன்:
அடர்தீவனம் பத்தி வேற திரியில பேசுங்க. இங்க பேச்சு சவுண்டல். மூணுல ஒரு பங்குக்கு மேல போடலாம்னு சொன்னவர் இன்னும் தப்பை ஒத்துக்கல.

தழைக்கட்டு:
எதை ஒத்துக்கணும்? எப்படிப் பழக்கினேன்னு சொல்றேன், கேளுங்க. முதல் வாரம் ஒரு கைப்பிடி. அடுத்த வாரம் ரெண்டு கைப்பிடி. இப்படியே ஒண்ணரை மாசம். வெட்டின உடனே போடறதில்ல, ஒரு நாள் நிழல்ல வாட்டித்தான் போடுவேன். புது ஆடு வந்தா பழைய ஆடுங்களோட ஒரே தொட்டியில தண்ணி குடிக்க விடுவேன், கூடவே அடைப்பேன். ஒரு ஆட்டு வயித்துல இருக்கிற நுண்ணுயிர் இன்னொண்ணுக்கு அப்படித்தான் போகுது. நீங்க எடுத்த எடுப்புல மூணு வாரம் வயிறு முட்டப் போட்டீங்க. பழகாத வயிறு என்ன பண்ணும்? தப்பு இலையில இல்ல அண்ணே.

கொட்டில்காரன்:
தப்பு என் மேலயா? சரி. வாட்டிப் போட்டா நச்சு போயிடும்னு நினைச்சுட்டிருக்கீங்க. இலையை நறுக்கினாலோ வாட்டினாலோ மைமோசின் உடைஞ்சு டி.எச்.பி.னு இன்னொண்ணா மாறுது. அது முடியைக் கொட்ட வைக்காது, கழுத்துல தைராய்டைத்தான் வீங்க வைக்கும். வெளிய தெரியாது, ஆடு எடை ஏறாது, அவ்வளவுதான். முடி கொட்டலைங்கிறதை வெச்சு ஒண்ணும் ஆகலைன்னு 11 வருசமாச் சொல்லிட்டிருக்கீங்க. ஒரு தடவையாவது ஆட்டை எடை போட்டீங்களா?

தழைக்கட்டு:
எடை பாக்கத் தராசு வேணுமா? தூக்கிப் பாத்தாலே தெரியும்.

வெள்ளாட்டம்மா:
தராசு இல்லைன்னா மார்புச் சுத்தளவை டேப் வெச்சு அளக்கலாம், மாசம் ஒரு தடவை எழுதி வெச்சாலே போதும். அதை விடுங்க. அந்தப் பங்கு பச்சை எடையா உலர் எடையான்னு கேட்டேன். இன்னும் பதில் இல்ல.

மூணு_ஆடு:
கேள்வி கேட்டவன் நான்தாங்க. ஒரு பெட்டை, ரெண்டு குட்டி. ஒரு குட்டி காயடிச்ச கிடா. வீட்டுக்குப் பின்னால அகத்தி, முருங்கை, கொஞ்சம் சவுண்டல் இருக்கு. எல்லாத்தையும் கலந்து போடலாமா?

கொட்டில்காரன்:
போடலாம் தம்பி. சவுண்டல் மட்டும் மூணுல ஒரு பங்கு.

பருத்திக்கொட்டை:
தம்பி, காயடிச்ச கிடான்னு சொன்னீங்களே, அதுக்குத் தவிடு அதிகம் வைக்காதீங்க. தவிட்டுல பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. மூத்திரக் குழாயில கல்லு அடைச்சுக்கும். சுண்ணாம்புச் சத்து ரெண்டு பங்குன்னா பாஸ்பரஸ் ஒரு பங்கு இருக்கணும். தண்ணி எப்பவும் சுத்தமா, நிறைய இருக்கணும். இந்தத் தளத்துலயே வேற திரியில ஒரு பெரிய மனுசர் போன வருசம் “கிடாவுக்குத் தவிடு எவ்வளவு வேணா போடு, கொழுக்கும்”னு எழுதினார். அதை நம்பி ஒருத்தர் கிடாவை இழந்தார். அவர் யாருன்னு நான் சொல்லல, அவருக்கே தெரியும்.

கொட்டில்காரன்:
பேரைச் சொல்லியே எழுதுங்க, பயமா? நான் எழுதினது வெட்டுக்குத் தயாரான கிடாவுக்குக் கடைசி ஒரு மாசம் பத்தி. காயடிச்ச குட்டிக்கு இல்ல. எவனோ அரைகுறையாப் படிச்சா அதுக்கு நானா பொறுப்பு?

தழைக்கட்டு:
பாத்தீங்களா! உங்க பேச்சை அரைகுறையாப் படிச்சா படிச்சவன் பொறுப்பு. என் பேச்சை அரைகுறையா வெட்டிப் போட்டா நான் பொறுப்பு. நல்லா இருக்கு அண்ணே உங்க நியாயம்.

கொட்டில்காரன்:
நியாயத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க. சவுண்டல் விதை விக்கிறவர் சவுண்டலைப் பத்திப் பேசறப்போ விதைப் பொட்டலத்தையும் சேர்த்தே காட்டிடணும்.

தழைக்கட்டு:
விதையை விக்கல, கேட்டவங்களுக்குச் சும்மா அனுப்பினேன். தபால் செலவு மட்டும் வாங்கினேன். அது உங்களுக்கு இன்னும் வயித்தெரிச்சலா இருக்குதா? நீங்க கேட்டப்போ தீந்து போச்சுன்னு சொன்னேன், அதைத்தானே மனசுல வெச்சிருக்கீங்க.

கொட்டில்காரன்:
உங்க விதை எனக்கு எதுக்கு? சாலையோரமெல்லாம் களை மாதிரி தானா முளைக்கிற மரம் அது.

மேய்ச்சல்மகன்:
அதைத்தான் நானும் சொல்றேன். வெளிய போங்க, தானா முளைச்சிருக்கு, மேய விடுங்க.

பருத்திக்கொட்டை:
மேய்ச்சல், உங்களை யாரும் கேட்கல.

வெள்ளாட்டம்மா:
மூணு_ஆடு தம்பி, இவங்க அடிச்சுக்கட்டும், நீங்க இதைக் குறிச்சு வெச்சுக்குங்க. எந்தத் தீவனத்தையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, பத்து நாளாவது ஆகணும். பெருவயித்துல இருக்கிற நுண்ணுயிர் புதுத் தீவனத்துக்குப் பழக அவ்வளவு நாள் வேணும். தானியத்தைத் திடீர்னு அள்ளி வெச்சா வயித்துல அமிலம் ஏறி ஆடு படுத்துடும், துள்ளுமாரிங்கிற குடல் நச்சு நோயும் அப்போதான் வரும், அதுக்குத் தடுப்பூசி போட்டு வெச்சிடுங்க. தழையைத் தரையில போடாம கட்டித் தொங்க விடுங்க. மிதிச்ச தழையை வெள்ளாடு தொடாது. பூஞ்சை புடிச்ச புண்ணாக்கைக் கொடுக்கவே கூடாது. செம்மறிக்குன்னு விக்கிற தாது உப்புக் கட்டியை வாங்காதீங்க, அதுல தாமிரம் இருக்காது, வெள்ளாட்டுக்கு அது வேணும். சவுண்டலைப் பொறுத்தவரைக்கும் மூணு தழையையும் கலந்து போடுங்க, கூடவே காஞ்ச கடலைக்கொடி எப்பவும் இருக்கட்டும். சினையா இருக்கிற பெட்டைக்குக் குறைச்சே போடுங்க.

மூணு_ஆடு:
ரொம்ப நன்றிங்க அக்கா. சவுண்டல் எவ்வளவு கிலோன்னு சொன்னா நல்லா இருக்கும்.

கொட்டில்காரன்:
மூணுல ஒரு பங்கு.

தழைக்கட்டு:
பழக்கிட்டா எவ்வளவு வேணாலும்.

வெள்ளாட்டம்மா:
கிலோ கேக்கிறார்! அந்தப் பங்கு பச்சை எடையா, உலர் எடையா? மூணாவது தடவை கேக்கிறேன்.

கொட்டில்காரன்:
அம்மா, நீங்க கணக்கு வாத்தியார் மாதிரி வார்த்தையைப் புடிச்சுத் தொங்கறீங்க. ஆடு வளர்க்கிறவன் தராசைத் தூக்கிட்டுத் திரிய மாட்டான். மூணு கட்டு தழை போட்டா ஒரு கட்டு சவுண்டல். இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும்? என் ரெண்டு பெட்டையும் மூணு வாரம் நின்ன நிலையை நீங்க பாக்கல. கையை வெச்சாலே முடி கையோட வந்துச்சு. ஒரு குட்டி கிட்ட வந்தா பால் குடுக்கக்கூடத் தெம்பில்லாம ஒதுங்கிப் போச்சு. அதை இன்னொருத்தர் கொட்டில்ல பாக்கக்கூடாதுன்னுதான் கத்திட்டிருக்கேன்.

வெள்ளாட்டம்மா:
ஒரு கட்டுங்கிறது எத்தனை கிலோ அண்ணே? உங்க கட்டும் என் கட்டும் ஒண்ணா?

தழைக்கட்டு:
அண்ணே, அந்தக் குட்டி பால் குடிக்காததுக்கும் சவுண்டலுக்கும் சம்பந்தமே இல்லைன்னு அப்பவே சொன்னேன். மடி வீக்கமா இருந்திருக்கும், நீங்க பாக்கல.

கொட்டில்காரன்:
என் பெட்டையோட மடியை நான் பாக்கலைன்னு சொல்றீங்களா? விடிகாலையில நாலு மணிக்கு எழுந்து பாத்தவன் நான். மடி வீக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒரு பக்கம் சூடா, கல்லு மாதிரி இருக்கும், பால் திரிஞ்சு வரும். அதெல்லாம் ஒண்ணுமில்ல. சவுண்டலை நிறுத்தின பத்தாவது நாள் பெட்டை தின்ன ஆரம்பிச்சுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?

தழைக்கட்டு:
நிறுத்தினப்போ வேற என்ன போட்டீங்க?

கொட்டில்காரன்:
கடலைக்கொடியும் வேப்பந்தழையும்.

மேய்ச்சல்மகன்:
வேப்பந்தழையா! அதனாலதான் தேறியிருக்கு.

பருத்திக்கொட்டை:
வேப்பந்தழை போட்டா பால் கசக்கும்.

மேய்ச்சல்மகன்:
கசக்காது. என் வீட்டுல தினமும் குடிக்கிறோம்.

பருத்திக்கொட்டை:
உங்க நாக்குக்குக் கசப்பு பழகிடுச்சு.

கொட்டில்காரன்:
வேப்பந்தழைக்குத் தனித் திரி ஆரம்பிங்க. இங்க யாரும் பேச்சை மாத்த வேண்டாம். தழைக்கட்டு, நாளைக்கு வந்து பாப்பேன். அந்தப் பழைய பதில்ல “மூணுல ஒரு பங்கு”ன்னு சேர்த்துத் திருத்தியிருக்கணும்.

தழைக்கட்டு:
திருத்த மாட்டேன். வேணும்னா “கொட்டில்காரன் ஆட்டுக்கு மட்டும்”னு சேர்க்கிறேன்.