உரிமப்பிணைப்பு: ‘ஆக்டிவேஷன்’ என்பதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வாங்கிய மென்பொருளுக்குக் குறியைப் போட்டு அதை நமக்கு உரியதாக்கும் ‘ஆக்டிவேட்’ என்பதற்குச் ‘செயல்படுத்து’ என்பதே இருக்கட்டும், பழகிவிட்டது என்று நம் மென்பொருள் மொழிபெயர்ப்புக் குழுவில் போன வாரம் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தோம். நானும் சரி என்றுதான் எழுதினேன். இப்போது அதைத் திரும்பப் பெறுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் காரணம் புரியும்.

தம்பி மகளுக்குப் படம் வரையக் கோவையில் ஒரு புது டேப்லெட் வாங்கி வந்தார்கள். கூடவே ஓர் ஓவிய மென்பொருள், அதற்கான குறி (‘ப்ராடக்ட் கீ’) அச்சடித்த அட்டை. குறியைப் போட்டதும் திரையில் வந்தது இது: ‘செயல்படுத்த முடியவில்லை. பிறகு முயலவும்.’ மென்பொருள் ஓடவில்லை என்று தம்பி மனைவி எடுத்துக்கொண்டார். ஆனால் அது திறக்கிறது, கோடு இழுத்தால் விழுகிறது. ஏதோ கோளாறு என்று நீக்கிவிட்டு மறுபடி நிறுவினார். அன்றைய டேட்டா முழுவதும் அதற்கே போயிற்று. உதவி எண்ணில் பேசியவர், “மென்பொருளைச் செயல்படுத்திட்டீங்களாம்மா?” என்று கேட்டிருக்கிறார். இவர், “செயல்படுத்திட்டேங்க, இதோ திறந்துதான் வெச்சிருக்கேன்” என்றிருக்கிறார். இரண்டு பேர் பேசியதிலும் பிழையில்லை. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் ஆளுக்கொரு காரியத்தைப் பேசியிருக்கிறார்கள்.

மாலையில் நான் போய்ப் பார்த்தேன். டேப்லெட்டின் மேல் மூலையில் தேதி மூன்று வருடம் பின்னால் நின்றது. பெட்டிக்குள்ளேயே பாட்டரி முழுக்க இறங்கியிருந்தது. நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் வசதியும் அணைந்திருந்தது. கருவி, மென்பொருளைச் செய்தவரின் சர்வரோடு பேசத் தொடங்குமுன் அந்தச் சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் பார்க்கும். சான்றிதழுக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று ஆயுள் உண்டு. கருவியின் கடிகாரம் அந்த எல்லைக்கு வெளியே இருந்தால், சான்றிதழ் செல்லாது என்று கருவியே பேச்சை முறித்துக்கொள்ளும். தேதியைத் திருத்தினேன். பழைய செய்தி போய் வேறொன்று வந்தது: ‘இந்தக் கணக்கில் செயல்படுத்த இயலாது.’ அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தால், கடையில் டேப்லெட்டைப் போட்டுக் காட்டிய பையன் தன் மின்னஞ்சல் கணக்கிலேயே நுழைந்து அப்படியே விட்டிருக்கிறான். அதிலிருந்து வெளியேறி, பெண்ணின் கணக்கில் நுழைந்து குறியைப் போட்டதும் வேலை முடிந்தது.

தேதி, கணக்கு என்ற இரண்டு இடத்தில்தான் சிக்கல். ‘செயல்படுத்த முடியவில்லை’ என்ற சொற்கள் இந்த இரண்டு பக்கமும் ஒருவரைத் திருப்பாது. ‘ஓடவில்லை’ என்ற பக்கம்தான் தள்ளும். அதனால்தான் இந்தச் சொல் பழகிவிட்டது என்ற வாதத்தை என்னால் இனி ஏற்க முடியவில்லை. காதுக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘செயல்’ என்ற வேரின் தலையில் நாம் எவ்வளவு ஏற்றிவிட்டோம் என்று பாருங்கள். கணினிக்குள் இருக்கும் சில்லும் செயலி, கைபேசியில் இறக்குகிற ஆப்பும் செயலி. ஒரு வசதியை ஆன் செய்வதும் செயல்படுத்துவது, அரசு ஒரு திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதும் செயல்படுத்துவது. அப்புறம் செயலாக்கம், செயல்பாடு, செயல்முறை வேறு. இந்தக் கூட்டத்தில் ‘ஆக்டிவேஷன்’ எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை.

நீங்கள் முன்வைத்தவற்றில் ‘உயிர்ப்பித்தல்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது செத்ததற்கு உயிர் கொடுப்பது. புதுப்பொருளுக்கு எப்படிப் பொருந்தும்? சுருக்கி ‘உயிர்ப்பு’ என்றால் இங்கே மலைமேல் பலருக்கு ஈஸ்டர்தான் நினைவுக்கு வரும். உயிர்ப்பு ஞாயிறு என்பது வழக்கில் உள்ள சொல். ‘முடுக்கம்’ இயற்பியலுக்குப் போய்விட்டது. ‘கிளர்வு’ வேதியியலில் நன்றாகவே நிற்கிறது, கிளர்வு ஆற்றல் என்று. அங்கே ஆங்கிலத்திலும் இதே ‘ஆக்டிவேஷன்’தான் என்பதால் இங்கேயும் அதையே இழுத்து வர வேண்டியதில்லை. அவர்கள் ஒரு சொல்லில் அடக்கியதை நாம் மூன்று சொல்லில் சொன்னால் நமக்கு லாபம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சொல்லைச் சொன்னது எங்கள் அத்தை. தேயிலை நாற்றங்காலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். பையில் மண்ணை அடைத்து, ஓர் இலையோடு வெட்டிய தண்டை நட்டு, நிழலில் வைத்து, பிடித்துவிட்டதா என்று தினமும் பார்ப்பார். நாங்கள் டேப்லெட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “நட்டுட்டீங்க, வேர் பிடிக்கலையாட்டம் இருக்கு” என்றார். நிறுவல் நடவு என்றால் ஆக்டிவேஷன் வேர்பிடித்தல்! ராத்திரி முழுக்க ‘வேர்பிடிப்பு’ என்பதையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் ஆண்ட்ராய்டில், கருவியின் முழுக் கட்டுப்பாட்டையும் கையில் எடுப்பதற்கு ‘ரூட்’ செய்வது என்று ஒன்று இருக்கிறதே. அதற்கும் வேர் என்றுதான் எழுதிவருகிறோம். ‘டேப்லெட் வேர்பிடித்ததா’ என்று கேட்டால் இன்னொரு குழப்பம் தொடங்கும். மனமில்லாமல் விட்டுவிட்டேன்.

சரி, உண்மையில் அங்கே நடப்பது என்ன? குறி ஒன்று. இந்தக் கருவி அல்லது இந்தக் கணக்கு ஒன்று. இது இதற்கு உரியது என்று மென்பொருளைச் செய்தவரின் சர்வர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. அதனால் என் முன்மொழிவு ‘உரிமப்பிணைப்பு’. திரையில் ஆணையாக ‘உரிமம் பிணை’. முடிந்தால் ‘உரிமம் பிணைந்தது’. ஒரு கருவியிலிருந்து எடுத்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக ‘பிணைப்பை அவிழ்’. இந்தக் கடைசிச் சொல்தான் எனக்கு நம்பிக்கை தந்தது. ‘செயல்நீக்கு’ என்று படிக்கிறவர் மென்பொருளே போய்விடுமோ என்று பயப்படுவார். ‘அவிழ்’ என்றால் வேறோர் இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று தானாகப் புரியும்.

ஐபேடில் 2013 முதல் இருக்கும் ‘ஆக்டிவேஷன் லாக்’ மட்டும் சற்று வேறு. அங்கே உரிமம் எதுவும் இல்லை. உரியவரின் கணக்கோடு கருவி கட்டப்பட்டிருக்கிறது. பழைய ஐபேட் வாங்கி, விற்றவரின் கணக்கு நீங்காமல் தவிப்பவர்கள் மாட்டுவது இதில்தான். அதற்குக் ‘கணக்குப் பிணைப்பு’ என்று சொல்லலாம். சிம்முக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதை இந்த இழையில் கலக்க வேண்டாம்.

குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி, கொடைக்கானலிலிருந்து

ஐயா, வணக்கம். எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ‘பிணையம்’ என்று நெட்வொர்க்குக்குச் சிலர் எழுதுகிறார்கள். ‘உரிமம் பிணையவில்லை’ என்றால் நெட் கிடைக்கவில்லை என்று படித்துவிட மாட்டார்களா? இரண்டு, பிணை என்றதும் கோர்ட்டு ஜாமீன்தான் நினைவுக்கு வருகிறது. ‘உரிமம் பதி’ என்றால் எளிதாக இல்லையா?

ஆனால் உங்கள் விளக்கம் சரி என்பதற்கு நானே ஒரு சாட்சி. பூம்பாறையில் நெட் இல்லாத ஓர் இடத்தில் விண்டோஸைத் தொலைபேசி வழியாக ஆக்டிவேட் செய்திருக்கிறேன். திரையில் நீளமாக ஓர் எண் வந்தது. போட்ட குறியும் அந்தக் கணினியின் உறுப்புகளும் சேர்ந்து உருவாகும் எண் அது. அதைத் தொகுதி தொகுதியாகப் போனில் கொடுத்ததும், பதிலுக்கு இன்னோர் எண் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டு உள்ளே போய்த் தட்டினேன். முடிச்சுப் போடுவதைக் கையால் செய்தது போலத்தான் இருந்தது.

இன்னொன்று. விண்டோஸின் அந்த 25 எழுத்துக் குறியில் ஆங்கில ‘ஓ’வும் வராது, சுழியமும் வராது. இது தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறவர்கள் இங்கே நிறைய. அவர்கள் சந்தேகப்பட வேண்டியது ‘B’யையும் 8ஐயும்தான்.

மறுமொழி, கோத்தகிரியிலிருந்து

தம்பி, அந்த இரண்டு எண்களைப் பற்றிச் சொன்னதற்கு மிக்க நன்றி. நான் ஒரு பக்கம் எழுதியதை அது ஒரே காட்சியில் காட்டிவிட்டது.

‘பதி’ வேண்டாம் என்பேன். ‘பதிவு’ ஏற்கெனவே ‘ரெஜிஸ்ட்ரேஷன்’. பெயரும் மின்னஞ்சலும் கொடுப்பது அது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் பலர். நிலம் வாங்கினவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்: பத்திரம் பதிந்துவிட்டால் ஆயிற்றா, பட்டா நம் பேருக்கு மாற வேண்டாமா? எங்களுக்கு வேண்டியது பட்டாவுக்கான சொல்.

ஜாமீன் பற்றிய தயக்கம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேதியியல் பாடத்தில் பிள்ளைகள் பிணைப்பு என்று படிக்கிறார்கள், யாருக்கும் கோர்ட்டு நினைவு வருவதில்லை. ‘பிணையம்’ பற்றி நீங்கள் சொன்னது நியாயம். அதனால் பிணை என்ற சொல் எங்கேயும் தனியாக நிற்கக்கூடாது, முன்னால் ‘உரிமம்’ அல்லது ‘கணக்கு’ கட்டாயம் வர வேண்டும். எதோடு பிணைகிறது என்பதையும் செய்தியே சொல்லிவிட வேண்டும். ‘பிணையவில்லை’ என்பதையும் ‘பிணைக்கப்படவில்லை’ என்று மாற்றிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்புக் கோப்பில் பழைய வரிக்குப் பதிலாக இதை ஏற்றலாமா என்று பார்த்துச் சொல்லுங்கள்:

‘உரிமம் இந்தக் கருவியோடு பிணைக்கப்படவில்லை. கருவியின் தேதியையும், நீங்கள் நுழைந்துள்ள கணக்கையும் சரிபார்க்கவும்.’